எது போனால் பரவாயில்லை?

கிளியனூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் குளியலறைக் குழாயைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. கிழக்கே கழுவெளி ஏரி, அதையும் தாண்டினால் மரக்காணத்து உப்பளம். காற்றோடு வரும் உப்பு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு கரைந்ததும் இரும்பில் துரு இறங்கும். தான் தின்ற இரும்பைவிடத் துரு அதிக இடம் கேட்கும். மரைக்குள் ஏது இடம்? இரண்டு மரைகளும் ஒன்றாக இறுகிவிடும். பித்தளைக் குழாயை மாட்டியிருந்தால் இரும்பு இன்னும் சீக்கிரம் அரிக்கும். உப்பு வாரும் பலகையை மரத்தில்தான் செய்கிறார்கள். உப்பளத்தில் இரும்பு நிலைக்காது.

எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பர் ரெஞ்சை எடுக்கும் முன் கேட்டார்: "எது போனா பரவால்ல சார்? நிப்பிளா, செவுத்துக்குள்ள இருக்கிற எல்போவா?" நிப்பிள் கடையில் கிடைக்கும். எல்போ உடைந்தால் டைல்ஸைப் பெயர்த்துச் சுவரைக் கொத்த வேண்டும். நிப்பிள் என்றேன்.

மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். சுற்றிலும் சுத்தியால் மெல்லத் தட்டினார். முதலில் இறுக்கும் பக்கம் துளி திருப்பி, அப்புறம்தான் தளர்த்தும் பக்கம் போனார். அப்படியும் நிப்பிள் முறிந்து, மரைத் துண்டு உள்ளே தங்கிவிட்டது. அவர் பதறவில்லை. ஆக்ஸா பிளேடில் துணி சுற்றிப் பிடித்து, எல்போவின் மரையில் படாமல் உள்ளிருந்து அறுத்து, உளியால் மடக்கி எடுத்தார். முறியும் என்று முன்பே ஒப்புக்கொண்ட கைக்கு அவ்வளவு நிதானம்.

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைக் கடல் காற்றில் வண்ணம் பூசியும், அரித்த இரும்பை மாற்றியும் நூறாண்டுக்கு மேல் காத்தார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். பாலத்தை விட்டுப் பாதையைக் காப்பாற்றினார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. பெரிய வேலையிலும் அதே கேள்விதான்.

வீட்டுச் சண்டைகளில் மட்டும் ஏனோ அதைக் கேட்பதில்லை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு வரப்பில் தகராறு. இருவருமே நியாயஸ்தர்கள், இருவருமே முழு பலத்தையும் போட்டார்கள். வரப்பு எங்களுக்கு வந்தது. சித்தப்பா பிள்ளைகள் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை. அந்த உறவு போனால் பரவாயில்லை என்று அப்பா ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டார்.

நிலத்தை மறுபடி அளக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. சர்வேயரைக் கூப்பிடும் முன் சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன். வரப்பு போகட்டும்.