இறந்தோரின் உரிமையும் இளையோரின் ஆவிக்கதைகளும்

பேய் உண்டா, இல்லையா என்பது இக்கட்டுரையின் வினாவன்று. பேயை நம்பாதவரும் நல்லதொரு பேய்க்கதையைப் பாதியில் மூடிவைப்பதில்லை. நம்பிக்கை இல்லாவிடத்தும் நம்மைப் பற்றிக்கொள்ளும் ஏதோவொன்று அதில் இருத்தல் வேண்டும். அது வெறும் அச்சமே எனக் கொள்வோர் பலர். பதின்பருவத்தினர்க்கென எழுதப்படும் ஆவி நாவல்களைப் பள்ளி நூலகத்தில் வைத்தல் தகுமோ என ஐயுறுவோரும் அக்கொள்கையினரே. ஆயின், ஆங்கிலத்தில் எழுந்த இத்தகைய நாவல்களுட் சிறந்தவற்றை நோக்குமிடத்து, அச்சத்தின் அடியில் மெய்யியலின் பழைய வினாவொன்று கிடப்பது புலனாகும். இறந்தவர்க்கு நாம் கடன்பட்டிருத்தல் கூடுமா?

கூடாது என்பதே எபிக்கியூரசின் கொள்கையிலிருந்து பெறப்படும் விடை. நன்மையும் தீமையும் உணர்வுடையார்க்கே உரியன. சாவோ உணர்வின் நீக்கம். ஆதலின் இல்லாதவர்க்குத் தீங்கிழைத்தல் எவ்வாறு? அவருக்கு முற்பட்ட அரிஸ்டோட்டில் இத்துணைத் துணிவோடு பேசவில்லை. மக்களுக்கும் நண்பர்க்கும் நேர்வன இறந்தவரைச் சிறிதளவு சென்றடையலாம், எனினும் அவர்தம் இன்பநிலையை மாற்றுமளவிற்கன்று என, நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் முதற் பகுதியில் அவர் தயங்கித் தயங்கி முடிக்கிறார். அத்தயக்கத்தின் இடைவெளியிலேயே ஆவிக்கதை குடியிருக்கின்றது எனலாம்.

அமெரிக்க எழுத்தாளர் மேரி டவுனிங் ஹான் 1986 இல் வெளியிட்ட 'ஹெலன் வரும்வரை காத்திரு' என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். மேரிலாந்தின் நாட்டுப்புறத்தில், பழைய தேவாலயமொன்றை வீடாக்கிக் குடியேறும் குடும்பம், அருகே இடுகாடு. பன்னிரண்டு வயதுடைய மொலி கதையைக் கூறுகிறாள். அவளது மாற்றாந்தந்தையின் மகள் ஹெதர், ஏழு வயதினள், 1886 இல் இறந்த ஹெலன் என்னும் சிறுமியின் ஆவியோடு நட்புக் கொள்கிறாள். ஹெலன் தன்னால் மூண்ட தீயில் தாயையும் மாற்றாந்தந்தையையும் பறிகொடுத்து, ஓடிச்சென்று குளத்தில் மூழ்கியவள். ஹெதரோ மூன்று வயதில் அவ்வாறே தன்னால் எழுந்த தீயிற் தாயை இழந்து, அக்குற்றவுணர்வை எவர்க்கும் கூறாது சுமப்பவள். ஆவி அவளைக் குளத்துக்கு அழைக்கிறது.

ஹெலன் கேட்பது ஒன்று. அவளுக்கு உரியது வேறொன்று. அவள் கேட்பது தன் தனிமைக்குத் துணையாக ஓர் உயிரை. உரியதோ, பாழ்மனையின் நிலவறையில் எவரும் காணாது கிடந்த பெற்றோரின் எலும்புகள் அவளருகே புதைக்கப்படல். மொலி முன்னதை மறுத்துத் தங்கையை நீரிலிருந்து இழுத்தெடுக்கிறாள். பின்னது இறுதியில் நிறைவேறுகின்றது. வேட்கையையும் உரிமையையும் இவ்வாறு பிரித்தறிதல் அறவியல் நூல்களைக் கற்போர்க்கே எளிதன்று.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். எலும்புகளைப் புதைத்ததாற் பயன் பெற்றவள் உயிரோடிருக்கும் ஹெதரே. இறந்தவர் கடன் என்பது இருப்போர் ஆறுதலுக்கு நாம் இட்ட மறுபெயர் என்பர். தடை வலியதே. எனினும் ஒன்று கேட்போம். அக்குழியில் இடப்பட்டவை வேறெவருடையவோ எலும்புகள். ஹெதர் அதனை அறியாள். அவளது மனப்புண் முற்றாக ஆறிவிட்டது. நாம் அமைவோமா? அமையோம். ஆறுதல் ஒன்றே குறிக்கோளாயின் பொய்யெலும்பும் போதுமன்றோ! காணாமற்போனோரின் உறவினர் புதைகுழியருகே நின்று, எலும்பு கிடைத்தது என்பதோடு அமையாது, அது எவருடையது எனக் கேட்கும் இந்நாட்டில் இதனை மேலும் விரிக்க வேண்டுவதில்லை.

ஆயினும் இறந்தோர் பக்கம் முற்றாகச் சாய்ந்துவிடுவதும் பேதைமை. றொபேட் வெஸ்ரோல் எழுதி 1981 இல் வெளிவந்த 'வெருளிகள்' இதற்குச் சான்று. கார்னெகிப் பதக்கம் பெற்ற இந்நாவலின் இளைஞன் சைமன், படை அதிகாரியாய் இறந்த தந்தையின் நினைவைத் தெய்வமாக்கி, தாய் மறுமணஞ் செய்த ஓவியரை வெறுக்கிறான். பாழடைந்த நீராலையொன்றில் முன்னொருகால் நிகழ்ந்த கொலையின் ஆவிகள், வயல்வெளியில் வெருளிகளாய் எழுந்து, நாடோறும் வீட்டை நெருங்குகின்றன. அவற்றை நடத்துவது அவனது வெறுப்பே. இறந்தவர் பெயரால் இருப்பவரைப் பகைத்தல் இறந்தவர்க்குச் செய்யும் கடனாகாது. ஈற்றில் அவன் அழிக்க வேண்டியிருப்பது அந்த ஆலையை. என் கருத்தில் ஹானின் நாவலினும் இதுவே ஆழமானது. ஆயினும் இதனை இளையோர்க்கு ஒளிக்க விரும்புவோரே மிகுதியாவர்.

இரண்டுக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட கதையொன்று உரோமரான இளைய பிளினியின் கடிதத்தில் உள்ளது. ஏதென்சு நகரில் சங்கிலியோசை கேட்கும் வீடு. அஞ்சி அனைவரும் அகன்றனர். அதெனொடோரஸ் என்னும் மெய்யியலாளர் வாடகை குறைவாயிருத்தலைக் கண்டு ஐயுற்று, காரணத்தைக் கேட்டறிந்த பின்னும் அவ்வீட்டையே அமர்த்திக்கொண்டார். இரவில் அவர் எழுதிக்கொண்டிருக்கையில் ஆவி தோன்றிக் கைகாட்டி அழைத்தது. சற்றுப் பொறு எனக் கையாற் குறிகாட்டிவிட்டு அவர் தம் எழுத்துக்கு மீண்டார். அது அவர் தலைமேலேயே சங்கிலியை ஒலித்தது. அதன் பின்னரே விளக்கையெடுத்து அதனைத் தொடர்ந்தார். முற்றத்தில் ஆவி மறைந்தது. அவ்விடத்தே புல்லும் இலையும் பறித்து அடையாளமிட்டார். மறுநாள் நகர அதிகாரிகளைக் கொண்டு தோண்டுவித்தபோது, சங்கிலி பிணைந்த எலும்புகள் வெளிப்பட்டன. அவை முறைப்படி அடக்கஞ் செய்யப்பட்ட பின்னர் அவ்வீட்டில் ஓசை கேட்கவில்லை.