புற்றடியில் ஒரு விசாரணை

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி வட்டாரத்துக் கித்தாத் தோட்டங்களில், இரவெல்லாம் மழை கொட்டிப் பால்வெட்டு நின்றுபோன காலைகளில், பெரட்டுக் களத்திலிருந்து திரும்பும் பெண்கள் சிலர் முந்தானையை ஏந்திக்கொண்டு கறையான் புற்றுகளை நாடிச் செல்வதுண்டு. மஞ்சளும் குங்குமமும் இட்டு அம்மனென்று வணங்கும் புற்றேயாயினும், அதன் அடியில் முளைத்த வெண்குடைகளைப் பறித்துக் குழம்பு வைப்பதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. மலாய்க்காரர் செண்டாவான் பூசூட் என்றும், நம்மவர் புற்றுக்காளான் என்றும் சொல்லுவது இதுவே. பறித்தது அதுதானா என்பதில்தான் தயக்கமெல்லாம். ஒரு பொருளை இன்னதென்று நிச்சயிப்பது எவ்வாறு என நம் தார்க்கிகர் சபைகளில் வாதித்த கேள்வியை, இவர்கள் அடுப்பு மூட்டுமுன் தீர்த்தாக வேண்டியிருந்தது.

லக்ஷணமானது, உரிய பொருளில் சிலவற்றை விட்டுவிடும் அவ்வியாப்தி, அயலானவற்றிலும் சென்று பாயும் அதிவியாப்தி, எதிலுமே பொருந்தாத அசம்பவம் என்னும் மூன்று தோஷங்களும் அற்றதாயிருத்தல் வேண்டும் என்பர் நையாயிகர். வெண்மையான குடை என்று மட்டும் சொன்னால் அது அதிவியாப்தியாகும். ஏனெனில் புல்வெளியில் முளைத்து, உண்டவரைச் சில மணி நேரத்திற்குள் வாந்தியிலும் பேதியிலும் வீழ்த்தும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டீஸ் என்னும் காளானும் வெண்குடையே. குடையின் அடிமடிப்புகள் முதிர்ந்த பின்னரே அது தன் பசுமையைக் காட்டும். குடையை வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து ஓரிரவு வைத்தால் உதிரும் வித்துத்தூள் அதற்குப் பச்சை, புற்றுக்காளானுக்கோ இளஞ்சிவப்பு. புற்றுக்காளானின் குடை நடுவே கூர்முனை கொண்டது. அதன் தண்டு வேர்போல் நீண்டு, கறையான்கள் மண்ணுக்குள் வளர்க்கும் பூஞ்சணத் தோட்டம்வரை இறங்குகிறது. 1942-இல் ரோஜே ஹைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் எனப் பெயரிட்டதும் இக்கறையான் உறவு பற்றியே. கொடிய நஞ்சுடைய அமானிட்டா இனங்கள் பலவற்றின் அடியிலோ ஒரு பை இருக்கும். ஆகவே, குடையைக் கிள்ளியெடுப்பவன் நிச்சயத்திற்கு வேண்டிய அடையாளத்தை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறான். தோண்டுகிறவனுக்கே அது கிட்டும்.

இவ்வுழைப்பைத் தவிர்க்க விரும்பிய மனம் சில குறுக்கு வழிகளைக் கற்பித்துக்கொண்டது. நஞ்சாயின் வெள்ளிக்கரண்டி கறுக்கும், உடன் வெந்த பூண்டு நிறம் மாறும், பூச்சி தின்றதை மனிதனும் தின்னலாம் என்பன அவை. புகைக்கும் நெருப்புக்கும் உள்ளதுபோன்ற நீங்காத் தொடர்பாகிய வியாப்தி இவற்றுள் எதிலும் இல்லை. அனுமானம்போல் தோன்றும் இவை ஹேத்வாபாசங்களே.

இனி, பெரியோர் சொல்லாகிய ஆப்தவாக்கியத்தை நம்பலாமே எனின், அதுவும் தான் பிறந்த மண்ணைச் சார்ந்தது. லாவோஸிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவருள் சிலர், தம் ஊரில் உண்டுபழகிய வைக்கோற் காளான் என்றெண்ணி, அதனைப் போலவே இளமையில் உறைக்குள் மூடியிருக்கும் அமானிட்டாவை உண்டு துன்புற்றனர். முன்னோர் சொன்னது பொய்யன்று; தேசம் மாறியது. கடல் கடந்துவந்து கித்தாக் காட்டில் வாழத் தலைப்பட்ட நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

காட்சி, கருதல், உரை என அளவை மூன்றைக் கொண்ட சிவஞான சித்தியார், ஐயத்தையும் திரிபையும் காட்சியின் குற்றங்களாக விலக்கும். அது தக்கதே. ஆயினும் இரண்டும் ஒரே நிறையினவல்ல என்பதைப் புற்றடி உணர்த்துகிறது. கயிற்றைப் பாம்பென்று திரிய உணர்ந்தவன் அஞ்சி ஓடிப் பிழைப்பான். பாம்பைக் கயிறென்று திரிய உணர்ந்தவனோ கைநீட்டுவான். ஐயுற்றவன் இழப்பது ஒருவேளைக் குழம்பு மட்டுமே. நியாய சூத்திரம் தன் 16 பதார்த்தங்களுள் சம்சயத்துக்கும் ஓரிடம் தந்தது, ஐயமின்றி விசாரணை எழாது என்பதனாலன்றோ?

கூடை நிறையாத ஒரு காலையில், இனம் தெரியாத குடையொன்றைப் பறிக்கக் குனிந்த பேத்தியின் கையைத் தடுத்து, முதியவளொருத்தி சொல்லக் கேட்டிருக்கிறேன்:

“தெரியாட்டி விட்டுடு தாயி. அது ஆத்தாளோடது.”