மென்மையும் வேக்காடும்

'அரைவேக்காடு' என்ற வசைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பச்சை ஒரு முனை, வெந்தது மறுமுனை. நடுவழியில் நின்றுவிட்டது அரைவேக்காடு. வசைதான் என்றாலும் அதில் ஒரு சலுகையும் உண்டு. பாதி தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் தீ இருந்தால் மீதியும் ஆகிவிடும் என்ற சலுகை. நம் அறவியல் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை இந்த நேர்கோட்டின் மேல்தான் நிற்கின்றன. அரை நேர்மை நேர்மையின்மையைவிட மேல். அரைக் கருணை கருணையின்மையைவிட மேல். இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லுபடியாகுமா? ஆகாத ஓர் இடமாவது இருக்கிறது. அது ஸ்லோ குக்கரில் போட்ட சிவப்பு ராஜ்மா.

ராஜ்மா அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து வடக்கே வேரூன்றி இப்போது காஞ்சிபுரம் மளிகைக் கடைகளிலும் கிடைக்கிற பயறு. ஸ்லோ குக்கர் பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வழியாக வருகிறது. காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், மாலையில் குழைந்திருக்கும். இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தூண்டியது அவர் தாய் சொன்ன லித்துவேனியக் கதை. ஓய்வுநாளில் யூதர்கள் தீ மூட்டக்கூடாது. ஆகவே முந்தின மாலையே பயறு போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பின் அடங்கும் சூட்டில் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பார்கள். அவர்கள் சட்ட மரபில் அரைவேக்காட்டுக்கு ஒரு பெயரே உண்டு: பென் துரோசாய் என்ற கொள்ளைக்காரன் அவசரத்தில் தின்ற பதம். மூன்றில் ஒரு பங்கு வெந்தது என்பார் சிலர், பாதி என்பார் சிலர். அடுப்பில் விட்டுவைக்கிற பானை அந்தப் பதத்தையாவது முன்பே எட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே விவாதிக்கப்பட்ட நிபந்தனை. 1971-ல் 'கிராக்-பாட்' என்ற பெயரில் கடைக்கு வந்த மின்சாரப் பானை நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நிபந்தனை பின்தங்கிவிட்டது.

சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்றொரு புரதம் இருக்கிறது. பச்சையாக நாலைந்து விதை தின்றாலே சில மணி நேரத்தில் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. பிரிட்டனில் 1976 முதல் 1989 வரை இவ்வாறு சந்தேகிக்கப்பட்ட 50 சம்பவங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 10 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டால் நஞ்சு அழியும். ஜாக்கிரதைக்காரர்களான அமெரிக்க அரசின் உணவுத் துறையினர் 30 நிமிஷம் என்கிறார்கள். சூடு 80 டிகிரியோடு நின்றுவிட்டால் நஞ்சின் வீரியம் பச்சைப் பயறில் இருப்பதைப்போல ஐந்து மடங்குகூட ஆகலாம் என்றும் அவர்கள் கையேடு சொல்கிறது. சில ஸ்லோ குக்கர்களுக்குள் சூடு அதற்கு மேல் ஏறுவதேயில்லை.

இதைவிட முக்கியமானது வேறொன்று. நாள் முழுக்க இளஞ்சூட்டில் கிடந்த பயறு மென்மையாகிவிடக்கூடும். விரலால் நசுக்கினால் நசுங்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம் சோதனை இங்கே பொய்த்துப்போகிறது. பச்சைப் பயறு யாரையும் ஏமாற்றுவதில்லை, பல்லே அதை மறுத்துவிடும். மென்மை வேறு, வேக்காடு வேறு.

நிதானத்தைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மணிக்கணக்காக ஆவியில் வேகிறது. ஆனால் அத்தனை நேரமும் கீழே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. பட்டுப் புடவை தறியில் நாள்கணக்காக வளர்கிறது. ஆனால் அதற்கு முன்பே கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கான பசையை, சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் கொதிநிலைக்கு அருகில் வைத்து நீக்கியாக வேண்டும். பசை போகாத இழை சாயத்தைச் சரியாக வாங்காது. நிதானம் காலத்தைப் பற்றியது. தீயின் அளவுக்கு அது பதிலாகாது.

'பக்குவம்' என்ற சொல்லின் வேரிலேயே சமையல் இருக்கிறது. ஆனால் ஒருவரைப் பக்குவப்பட்டவர் என்று சொல்லும்போது நாம் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறோம். குரல் தணிந்திருக்கிறது, வாசிப்பு விரிந்திருக்கிறது, கோபம் வருவதில்லை. மேடையில் சாதிப் பெருமை பேசுகிறவன் பச்சை, அவனைத் துப்பிவிடலாம். நாற்பது வருஷம் நவீன இலக்கியம் வாசித்து மென்மையானவர், பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, "எனக்கு ஒண்ணுமில்லை, மனுஷா என்ன சொல்லுவா" என்கிறார். எந்தப் பல்லும் மறுக்காத வாக்கியம் இது. வங்கிக் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும்: கடன் கேட்டு வரும் நெசவாளியிடம் "கிடைக்காது" என்பவர் கொடுமைக்காரராகத் தெரிவார். "பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்பவர் நல்லவராகத் தெரிவார். முதலாமவரிடம் போனவன் அன்றே வேறு வழி தேடுகிறான். இரண்டாமவரை நம்பியவன் பாவு வாங்கக் காசில்லாமல் தறியைச் சும்மா போட்டுவிட்டு வாராவாரம் வருகிறான். நாமோ இளம் கவிஞனிடம் "நல்ல முயற்சி" என்கிறோம். மூன்று தொகுதிகள் போட்ட பிறகுதான் அந்தச் சொல்லின் பொருள் அவனுக்குப் புரிகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கொதிநிலையைப் போற்றுவது வெறியர்களின் தர்க்கம் அல்லவா? கொதித்துக்கொண்டே இருந்தால் பானை அடிபிடிக்கும். உண்மைதான். ஆனால் பயறு கேட்பது 10 நிமிஷம். ஒரு நம்பிக்கைக்காக எதையாவது இழக்க நேரும் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டிவிட்டால், பிறகு எவ்வளவு சிறிய தீயிலும் எவ்வளவு நேரமும் வைக்கலாம். வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான். எல்லாப் பயறுக்கும் இது தேவை என்றும் இல்லை. கொண்டைக்கடலையிலும் பச்சைப்பயறிலும் இந்த நஞ்சு குறைவு. தன்னிடம் இருப்பது எந்தப் பயறு என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் கடினம்.

ஸ்லோ குக்கரின் கவர்ச்சி நிதானத்தில் இல்லை, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதில்தான் இருக்கிறது. நற்குணங்களையும் அப்படியே வைத்துவிட்டுப் போகிறோம், காலம் பார்த்துக்கொள்ளும் என்று. காலம் மென்மையாக்கும். கொதித்ததா இல்லையா என்பது பக்கத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும்.