பக்கத்து வீட்டுக்குப் போகிற வாரி

வாரியின் அகலம் பத்தடி. வயலின் கேட் எட்டடி. இந்த இரண்டடி வித்தியாசத்தைப் பற்றிச் சென்ற கோடையில் ஒரு நாள், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்ட்டியில், ஓர் ஆமிஷ் பட்டறைக்காரரும் நானும் காலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். இரும்பைப் பற்றித்தான் ஆரம்பித்தோம். மத்தியானம் ஆவதற்குள், உழைப்பு கடவுள் கொடுத்த வரமா சாபமா என்ற இடத்துக்கு வந்திருந்தோம். வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் அந்த வாரி எப்படிப்பட்ட கருவி என்று சொல்லிவிடுகிறேன். மார்பளவு உயரத்தில் இரண்டு இரும்புச் சக்கரங்கள், நடுவில் அச்சு, அதன்மேல் ஓட்டுபவருக்கு ஓர் இரும்பு இருக்கை. பின்னால் விலா எலும்புகளைப் போல வளைந்த முப்பது எஃகுப் பற்கள் தொங்கும். முன்னால், நம் மாட்டுவண்டியில் ஏர்க்கால் இருக்குமே, அதுபோல ஒரு நீள மரம். அதன் இருபுறமும் இரண்டு கோவேறு கழுதைகள். இந்தப் பகுதி ஆமிஷ்காரர்கள் சாலைக்குக் குதிரையையும் வயலுக்குப் பெரும்பாலும் கோவேறு கழுதையையும் பூட்டுகிறார்கள். ஆனாலும் பெயர் குதிரை வாரிதான். அறுத்துக் காயப்போட்ட புல்லைப் பற்கள் வாரிக்கொண்டே போகும். வளைவு நிறைந்ததும் ஓட்டுபவர் காலால் மிதிப்பார். பற்கள் எழும்பும், புல் குவியலாக விழும், பற்கள் மறுபடி தரையைத் தொடும். ஒவ்வொரு நடையிலும் அதே நேர்கோட்டில் மிதித்துவந்தால் குவியல்கள் சேர்ந்து வயலின் குறுக்கே நீண்ட வரிசையாகும்.

இதை வைக்கோல் என்று சொல்ல வாய் வரும். ஆனால் வைக்கோல், தானியத்தை எடுத்தபின் மிஞ்சுவது. இங்கே புல்தான் விளைச்சலே. திமோத்திப் புல், அதோடு நம் ஊரிலும் போடுகிற குதிரைமசால். குதிரைமசாலின் சத்தில் பெரும்பகுதி இலையில் இருக்கிறது. வெயில் ஏறி மொறுமொறுவென்று காய்ந்தபின் வாரினால் இலை உதிர்ந்து தண்டுதான் கையில் நிற்கும். ஈரத்தோடு வாரி அடுக்கினாலோ உள்ளே புழுங்கிச் சூடேறி, களஞ்சியமே தீப்பிடிக்கும். பனி ஈரம் இலையில் லேசாக ஒட்டியிருக்கும் காலை நேரம்தான் வாருவதற்கு ஏற்றது. மாடுகளின் குளிர்காலத் தீனி அந்தச் சில மணி நேரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் வாரி கேட்டில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கருவியின் முன்னோர் ஒருவர் பக்கத்துக் கவுண்ட்டியில் பிறந்தவர். 1820களில் செஸ்டர் கவுண்ட்டியின் மோசஸ் பென்னாக், சுழலும் குதிரை வாரி ஒன்றைச் செய்தார். முழுக்க மரம், நீளக் கட்டையின் இரண்டு பக்கமும் பற்கள். குதிரை முன்னே இழுக்க, ஆள் பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி நடப்பார். புல் நிறைந்ததும் கைப்பிடியைச் சற்றே தூக்குவார். முன்பற்கள் மண்ணில் குத்தி, வாரி அப்படியே குட்டிக்கரணம் அடித்துப் புல்லை விட்டுவிட்டு, மறுபக்கப் பற்களோடு ஓடத் தொடங்கும். அழகான யோசனை. ஆனால் நாள் முழுக்க நடக்கவேண்டும், தூக்கவேண்டும். பிறகு சக்கரம் வந்தது, இருக்கை வந்தது, வில்போல வளையும் எஃகுப் பல் வந்தது, கால்மிதி வந்தது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவருடைய தோள் வலி குறைந்திருக்கிறது.

அந்தத் தோள் எனக்கு முக்கியம். நான் தாராபுரம் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவன். சோளத்தட்டை அறுத்துக் கட்டு கட்டாகத் தலையில் வைத்துக் களத்துக்குக் கொண்டுவருவாள் என் அம்மா. ஐம்பது வயதுக்குள் அவளால் கழுத்தைத் திருப்ப முடியாமல் போயிற்று. யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பிப் பார்ப்பாள். நான் இயந்திரப் பொறியியல் படித்ததும், பிறகு அமெரிக்காவில் ஒரு பண்ணைக் கருவி நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் வாரி வடிவமைத்ததும் அந்தக் கழுத்துக்காகத்தான். ஆகவே, பாடுபடுவதே புனிதம், கருவி வந்து மனிதனைக் கெடுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் வரும்.

ஆமிஷ் மக்களைப் பற்றியும் முதலில் எனக்கு அந்தக் கோபம்தான் இருந்தது. 1693இல் ஜேக்கப் அம்மான் என்ற போதகரின் வழியில் பிரிந்து, அடுத்த நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு வந்த கிறிஸ்தவர்கள் இவர்கள். ஒரு சபையில் இருபத்தைந்து முப்பது குடும்பங்கள் இருக்கும். கோயில் கட்டடம் கிடையாது, வீடுகளில்தான் ஆராதனை. எதை வைத்துக்கொள்ளலாம், எதை விலக்கவேண்டும் என்ற ஒழுங்குக்கு ஆர்ட்னுங் என்று பெயர். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் திருவிருந்துக்கு முன்னால் சபை கூடி அதற்கு உடன்படும். வயலில் டிராக்டர் கூடாது. ஆனால் புல்லைக் கட்டாகக் கட்டுகிற, எஞ்சின் பூட்டிய இயந்திரத்தைக் கோவேறு கழுதைகள் இழுத்துப்போகும்; அது கூடும். வெளியார் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் முரண்பாடு என்றுதான் நினைத்தேன். இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அவர்கள் தப்பான விடை சொல்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

பட்டறைக்காரர் தம் வாரியில் இரண்டு குறைகளை என்னிடம் சொன்னார். முதலாவது, கால்மிதி தேய்ந்துபோய், பற்களைக் கைநெம்புகோலால் தூக்க வேண்டியிருந்தது. ஒரு காலையில் நூற்றுக்கணக்கான தடவை. இது சுலபம். சக்கரத்தின் குடத்துக்குள் பல்சக்கரத்தையும் கொக்கியையும் புதிதாக வைத்தோம். மிதித்தால் கொக்கி மாட்டும். ஓடுகிற சக்கரமே பற்களைத் தூக்கிவிடும். தூக்கும் வேலை ஆளிடமிருந்து கழுதைக்குப் போயிற்று. கழுதைக்கு அது பாரமே இல்லை. தோள் போன எழுபது வயதுக் கிழவரும் இனி அந்த இருக்கையில் உட்காரலாம்.

வேலை செய்துகொண்டே அவரிடம் கேட்டேன்: ஆதாமுக்கு விழுந்த சாபம் நெற்றி வியர்வைதானே? வியர்வையைக் குறைப்பது அந்தத் தீர்ப்பைத் தட்டுவதாகாதா? அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொக்கியை அரத்தால் ராவி முடித்தபின் சொன்னார். சாபம் ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. ஆனால் இரண்டாம் அதிகாரத்திலேயே, பாவம் எதுவும் நடக்கும் முன்பே, தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும்படி மனிதன் வைக்கப்பட்டான். வேலை முந்தியது, முள்ளும் வியர்வையும் பிந்தியவை. முள்ளைப் பிடுங்குவது பாவமல்ல.

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இதை யாரும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. வேலை வேறு, வதை வேறு. என் அம்மா காட்டை நேசித்தாள். கட்டைச் சுமந்த வலியை அல்ல. இயேசு தம் நுகம் மெதுவானது என்று சொன்னதையும் அன்றைக்கு வேறு விதமாக நினைத்துப் பார்த்தேன். நுகமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கழுத்தில் உராயாதபடி நுகத்தைச் செதுக்கத் தெரிந்த தச்சர் அவர்.

இரண்டாவது குறைதான் கேட். வாரியை அடுத்த வயலுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தட்டைவண்டியில் ஏற்றவேண்டும். அதற்கு நான்கு பேர் வேண்டும். நான் உற்சாகமாகப் படம் போட்டுக் கொடுத்தேன். சட்டத்தை மூன்றாக மடக்கலாம். காற்று நிரப்பிய ரப்பர் டயர் போடலாம். சாலையில் சத்தமில்லாமல் ஓடும். அவர் படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, டயரின்மேல் விரலை வைத்தார். இது ஆகாது என்றார்.

டயரில் என்ன பாவம்? பாவம் ஒன்றுமில்லை. இரும்புச் சக்கரம் தார்ச்சாலையில் கடகடவென்று உதறும். வேகமாகப் போக முடியாது, தூரம் போக முடியாது. டயர் போட்டால் கருவி ஐந்து மைல், பத்து மைல் போகும். பிறகு அதை இழுக்க வேகமான ஒன்று வேண்டியிருக்கும். பத்து மைலில் ஒருவருக்கு நிலம் கிடைத்தால், பக்கத்தில் இருக்கிற சின்னப் பண்ணை அவர் கையில் சேரும். அந்தப் பண்ணைக்காரரின் பிள்ளைகள் வேறெங்கோ போவார்கள். ஒரு டயரிலிருந்து இவ்வளவு தூரம் அவர் யோசித்ததைக் கேட்டு நான் பேசாமல் இருந்தேன். இருபத்திரண்டு வருடமும் என் மேசையில் இருந்த அளவு ஒன்றே ஒன்றுதான்: ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர். வாரியை அகலமாக்கிக்கொண்டே போனேன். அகல வாரி வாங்கினவர் பக்கத்து நிலத்தையும் வாங்கவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் வாரியின் கடன் அடையாது. என் படங்களால் எத்தனை வீடுகள் காலியாயின என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவர்கள் வாழ்க்கையில் ஒப்புக்கொடுத்தல் என்ற எண்ணத்துக்கு முக்கிய இடம் உண்டு. ஜெர்மனில் கெலாசன்ஹைட் என்பார்கள். என் விருப்பத்தைச் சபைக்கும் கடவுளுக்கும் விட்டுவிடுவது. அதை வெறும் கீழ்ப்படிதல் என்று நினைத்திருந்தேன். ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்னை யாரிடமிருந்து பிரிக்கும் என்று கேட்பதும் அதற்குள் அடக்கம்.

காந்தியும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார். அவர் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கம் 1929இல் மேம்பட்ட ராட்டைக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. ராட்டை எடை குறைவாக, எடுத்துச் செல்லச் சுலபமாக இருக்கவேண்டும். கிராமத்துக் குடிசையில் ஒரு பெண் எட்டு மணி நேரம் பெரிய சிரமமில்லாமல் இயக்க முடியவேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நிபந்தனைகளைப் படியுங்கள். சிரமத்தைப் போற்றுகிற வரி அதில் ஒன்றுகூட இல்லை. சிரமம் குறையவேண்டும், ராட்டை குடிசையைவிட்டுப் போகவும் கூடாது. எரவாடா சிறையின் பெயரில் வழங்கும் பெட்டிக்குள் மடங்குகிற ராட்டை அந்தத் தேடலில் பிறந்ததுதான்.

டயரை விட்டுவிட்டு வேறு வழி பார்த்தோம். வாரியை அகலவாக்கில் இழுக்காமல் நீளவாக்கில் இழுத்தால் கேட் ஒரு பொருட்டே இல்லை. சட்டத்தின் இரண்டு முனைகளிலும், கீழே இறக்கிவிடக்கூடிய சிறிய இரும்புச் சக்கரங்களை வைத்தோம். நெம்புகோலை அழுத்தினால் சிறு சக்கரம் தரையில் ஊன்றிப் பெரிய சக்கரம் மேலே எழும்பும். ஒரு முளையைச் செருகிப் பூட்டவேண்டும். நீள மரத்தைக் கழற்றி முனையிலுள்ள குழலில் மாட்டினால், பத்தடி வாரி ஐந்தடி வண்டியாகிவிடும். ஏற்றி இறக்க அரை மணி நேரம் பிடித்த வேலை, ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அப்போதுதான் பட்டறைக்காரர் கேட்டார்: “இனி அந்த நாலு பேர் எதற்கு வருவார்கள்?”

நியாயமான கேள்வி. வாரி தூக்க வருகிற பையன்கள் வந்ததோடு போய்விடுவதில்லை. சாப்பிடுவார்கள், வீட்டுக் கிழவரிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள், வேலியில் ஒடிந்த கட்டையைப் பார்த்தால் சரிசெய்துவிட்டுப் போவார்கள். தாராபுரத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். கதிரடிக்கும் இயந்திரம் வந்த வருடத்திலிருந்து எங்கள் களத்துக்கு யாரும் வரவில்லை. அம்மாவின் உடம்புக்கு அது ஓய்வு. களத்தில் தனியாக உட்கார்ந்திருந்த அவள் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அன்றைக்கு விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு மைல் தள்ளி, கணவரை இழந்த ஒரு பெண், பதினான்கும் பதினொன்றும் வயதான இரண்டு பையன்களோடு பண்ணை நடத்துகிறார். அவரிடம் வாரி இல்லை. பட்டறைக்காரர் வருடாவருடம் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் புல் காய்ந்த காலையில் எல்லோருக்கும் அவரவர் வயலில் வேலை. வாரியைத் தூக்க நான்கு பேரைக் கேட்க அந்தப் பெண்ணுக்குக் கூச்சம். இப்போது மூத்த பையன் இரண்டு கழுதைகளோடு வந்து தானே இழுத்துக்கொண்டு போகலாம். சிறு சக்கரங்கள் ஒரு மைல் தாங்கும். பத்து மைல் தாங்காது. அந்த அளவைச் சொன்னபோது பட்டறைக்காரர் முகம் மலர்ந்தது. உதவியை எளிதில் அனுப்பக்கூடிய அளவு அது. நிலத்தை விழுங்கப் புறப்படுவதற்குப் போதாத அளவும் அதுவே.

ஜூன் கடைசியில் ஒரு காலை அந்தப் பையன் வந்தான். நானும் கூடவே நடந்தேன். வாரி நீளவாக்கில், கேட்டைத் தாண்டி, சாலையோரம் கடகடத்தபடி போயிற்று. அந்த வயலில் இறக்கும்போது முளை இறுகிக்கொண்டது. ஒருவர் நெம்புகோலை அழுத்திப் பிடித்தால்தான் மற்றவர் முளையை உருவ முடியும். பையன் கூப்பிட, அவன் அம்மா வீட்டுக்குள்ளிருந்து கையைத் துடைத்தபடி வந்து உருவினார். பனி உலர்வதற்குள் முதல் வரிசை விழுந்துவிட்டது.

திரும்பிவந்து பட்டறைக்காரரிடம், முளைக்குப் பதிலாக ஸ்பிரிங் தாழ் வைத்தால் ஒரே ஆள் போதும் என்றேன். அதை அப்படியே விட்டுவிடுங்கள், இரண்டு பேர் இருக்கட்டும் என்றார். ஒரு நாள் அந்தப் பெண் வயலில் தனியாக இருந்தால்? இந்தத் தடவை நான் அவரோடு உடன்படவில்லை. அவர் சற்று நேரம் யோசித்தார். இலையுதிர் காலத்தில் சபை கூடும், அந்தப் பெண்ணையே கேட்கலாம் என்றார். தாழின் படத்தை வரைந்து வைத்திருக்கிறேன்.