விதைக்கு ஊற்றும் நீர்

காய்த்த மரத்துக்கு மாலை சூட்டுவது மரியாதை. முளைக்கும் விதைக்கு நீர் ஊற்றுவது நம்பிக்கை.

பினாங்கில் 1879-ல் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர் வூ லியன் தே. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த அவருக்கு 1896-ல் குயின்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவம் படித்தார். அந்த உதவித்தொகை கிடைத்தபோது அவர் எதையும் சாதித்திருக்கவில்லை. 1910-ன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. அங்கு சென்ற வூ, நோய் மூச்சுவழியே தொற்றுகிறது என்று உணர்ந்து, பஞ்சும் துணியும் அடுக்கிய முகக்கவசத்தை அணியச் செய்தார். அப்போது அவருக்கு வயது 31. சுமார் 60,000 உயிர்களைப் பறித்த அந்தக் கொள்ளைநோய் சில மாதங்களில் அடங்கியது.

அதே பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972 முதல் மருந்தியல் கற்பிக்கிறது. ஆய்வகத்தில் உருவாகும் ஒரு மூலக்கூறு மாத்திரையாகி நோயாளியின் கைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். பெரும்பாலானவை வழியிலேயே உதிர்ந்துவிடும். அந்த நெடும்பாதையின் தொடக்கத்தில் நிற்கும் இளம் மருந்து வேதியியலாளருக்குத் தரப்படும் விருது, சோதனை தோற்ற மறுநாளும் ஆய்வகக் கதவைத் திறக்க வைக்கும் துணிவு.

உங்கள் வீட்டில், வகுப்பில், அலுவலகத்தில் முயன்றுகொண்டிருக்கும் ஓர் இளையவர் இருப்பார். பலன் தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே தோளைத் தட்டிக்கொடுங்கள்.