விதையும் நிலமும் உழவனும்

மனிதனை உருவாக்குவது பிறப்பா, வளர்ப்பா? பிறப்பே என்பவர் முயற்சியைக் கைவிடுகிறார். வளர்ப்பே என்பவர் பிள்ளையைக் களிமண்ணாக எண்ணி, தாம் விரும்பிய வடிவில் பிசையத் துணிகிறார். இரண்டுமே முழு உண்மை அல்ல.

திருப்பதியை அடுத்த சேஷாசல மலைகளில் செம்மரம் இயற்கையாக வளர்கிறது. பாறைகள் நிறைந்த அவ்வறண்ட நிலத்தில் அது பல பத்தாண்டுகள் மெல்ல வளர்ந்து வைரம் பாய்கிறது. அங்கே ஊன்றிய எல்லா விதையும் செம்மரம் ஆவதில்லை; செம்மர விதையும் நிலமின்றி மரமாவதில்லை.

மருத்துவ அறிவியலும் இதையே கூறுகிறது. ஃபினைல்கீட்டோன்யூரியா என்பது மரபணு வழியாக வரும் குறைபாடு. கவனியாது விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறந்தவுடன் கண்டறிந்து, உரிய உணவுக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்து கடைப்பிடித்தால், அக்குழந்தை பெரும்பாலும் இயல்பாகவே வளர்கிறது. மரபணு மாறவில்லை, அதன் விளைவு மாறுகிறது.

சித்தூர் மாவட்டத்தில் நெடுங்காலம் இருந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. இளம் வயதிலேயே தாயை இழந்தார். காய்ச்சலால் அடிக்கடி நலிந்தார். பள்ளியில் 'மந்தபுத்தி' என்று அடி வாங்கினார். 1909-இல் சென்னை அடையாற்றில் தியாசபிகல் சங்கத்தார் அவரையும் தம்பி நித்யானந்தாவையும் தங்கள் பொறுப்பில் ஏற்றனர். நல்ல உணவும் உடற்பயிற்சியும் தனி ஆசிரியர்களும் கிடைத்தபின், சில மாதங்களிலேயே அச்சிறுவன் ஆங்கிலம் பேசலானான். மந்தபுத்தி எனப்பட்டது நோயும் அச்சமும் போட்ட திரையே.

ஆயினும் வளர்ப்பும் எல்லாம் வல்லதன்று. பெற்றோரும் ஒருவரே, வளர்ப்பும் ஒன்றே. பின்னர் இங்கிலாந்தில் தம்பி சட்டத் தேர்வில் வென்றார்; அண்ணனோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றார். உடன்பிறந்தாருக்கும் விதை ஒன்றல்ல.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு. அவரை உலக குருவாக்க விழைந்தவர்கள் 1911-இல் ஓர் அமைப்பை நிறுவித் தலைவராக்கினர். 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமென் நகரில் அவரே அதைக் கலைத்தார். வளர்த்தவர்கள் அதை எதிர்பார்க்கவில்லை. எந்த மரபணுவும் அதை எழுதி வைக்கவில்லை. விதையையும் நிலத்தையும் அறிந்து, அவற்றுக்குக் கட்டுப்படாமல் நிற்கும் உழவன் ஒருவன் மனிதனுள் இருக்கிறான். சம்ஸ்காரங்கள் மனத்தைச் சேர்ந்தவை. ஆன்மா அவற்றின் சாட்சி என்று வேதாந்தம் கூறுவது இதனால்தான்.

ஆகவே பெற்றோரின் கடமை தெளிவானது. விதையைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் கையில் இல்லை. நிலத்தைப் பண்படுத்துவது அவர்கள் கையில் இருக்கிறது. 'மக்கு' என்ற ஒரு சொல்லும் நிலத்தில் விழும் நஞ்சே. வளர்ந்துவிட்டவனின் கடமையோ வேறு. பெற்றோரையும் ஊரையும் விதியையும் குறைகூறிக் காலம் கழிக்காமல், கிடைத்த நிலத்தில், கையிலுள்ள விதையோடு, இன்றே ஏரைப் பூட்ட வேண்டும். உழவன் விழித்துக்கொண்டால் தரிசும் விளையும்.