தாய்க்கும் தாயானவர்

சிவபெருமானுக்குத் தாயுமானவர் என்றொரு திருநாமம் உண்டு. காவிரி பெருக்கெடுத்ததால் தாய் வந்துசேர முடியாத ஒரு கர்ப்பிணிக்கு இறைவனே தாய் வடிவில் வந்து பேறு பார்த்தார் எனத் திருச்சிராப்பள்ளித் தலவரலாறு கூறுகின்றது. பெருமான் முதலில் தேற்றியது குழந்தையை அன்று; கலங்கியிருந்த தாயையே.

அழுந்தோறும் தூக்கினால் பிள்ளை கெட்டுவிடும் என்பாருளர். உளவியலாளர்களான சில்வியா பெல், மேரி எயின்ஸ்வேர்த் ஆகியோர் 26 தாய்மாரையும் சேய்களையும் அவதானித்து 1972இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகக் கூறிற்று. அழுகைக்கு உடனுக்குடன் செவிசாய்த்த தாய்மாரின் குழந்தைகள் ஒரு வயதாகும்போது குறைவாகவே அழுதன. கூப்பிட்டால் அம்மா வருவாள் என்ற நம்பிக்கையே பாசத்தின் வேர்.

ஆயினும் தாயின் மனம் சோர்ந்திருந்தால் பரிவு எங்ஙனம் சுரக்கும்? பிள்ளை பெற்றவளின் கண்ணீரைக் குறையாகப் பேசலாகாது. அவள் சற்று உறங்கட்டும் என்று பிள்ளையை வாங்கிக்கொள்ளும் கணவனும் மாமியும் தாயுமானவரின் தொண்டையே செய்கின்றனர். சோர்வு நீங்காவிடின் குடும்பநல மருத்துவமாதுவிடம் கூறுதலும் கடமையாகும்.

அடியார்களே, அபிஷேகத்திற்குப் பாற்செம்பு ஏந்தும் கைகள் அயல்வீட்டுத் தாயின் பாரத்தையும் ஏந்துவனவாக. தாயைத் தாங்குவோம், சேய் தானே தழைக்கும்.